கோழிக்கால் வீட்டுக்குக் கதவு எந்தப் பக்கம்?

பாபா யாகாவின் வீட்டை வரையச் சொன்னால் பென்சில் முதலில் போவது கால்களுக்குத்தான். மஞ்சளாக, செதில் செதிலாக, நகம் நீண்ட இரண்டு கோழிக்கால்கள். அவற்றின் மேல் கோணலாக ஒரு மரவீடு, வளைந்த புகைபோக்கி, ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். இணையத்தில் தேடினால் இந்தப் படம் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். கால்களைத் தவிர அதில் உள்ள வேறு எதுவும் ரஷ்யக் கதைகளிலிருந்து வந்ததில்லை என்று சொன்னால் கொஞ்சம் அதிகப்படியாக இருக்கும். ஆனால் ரொம்ப அதிகப்படி இல்லை.

பாபா யாகா காட்டின் உள்ளே தனியாக வசிக்கும் கிழவி. ஒரு கால் எலும்பு. உரலில் ஏறி உட்கார்ந்து, உலக்கையால் உந்திக்கொண்டு, விளக்குமாற்றால் வந்த தடத்தை அழித்தபடியே பறப்பாள். சில கதைகளில் குழந்தைகளை அடுப்பில் வைத்துத் தின்னப் பார்ப்பாள். வேறு சில கதைகளில் அவளே நாயகனுக்குச் சாப்பாடு போட்டு, குளிக்க வைத்து, வழியும் சொல்லி அனுப்புவாள். ரஷ்யாவில் இவள் பெயர் எழுத்தில் பதிவானது 1755இல், மிகயீல் லொமனோசவ் எழுதிய இலக்கண நூலில். தமிழில் இவளை ஒரு தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியவை மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியாக மலிவு விலையில் இங்கே வந்து சேர்ந்த சோவியத் சிறுவர் நூல்கள்.

வீட்டை வரைவதற்கு முன் கதைகள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடுவது நல்லது. அலெக்சாந்தர் அஃபனாசியெவ் 1855க்கும் 1863க்கும் இடையில் பகுதி பகுதியாக வெளியிட்ட தொகுப்பில் அறுநூறுக்குச் சற்றுக் குறைவான கதைகள் இருக்கின்றன. பாபா யாகாவைத் தேடுபவர்கள் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அதுதான். போய்ப் பார்த்தால் ஓவியருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. வீட்டைப் பற்றி ஒரு வரிக்கு மேல் வருவதே அபூர்வம். "கோழிக்கால்களில் ஒரு குடில் நிற்கிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது." அவ்வளவுதான். கால் எவ்வளவு உயரம், கூரை எப்படி, சுவர் என்ன நிறம், எதற்கும் பதில் இல்லை. காலின் எண்ணிக்கைகூட நிலையாக இல்லை. ஒற்றைக் கோழிக்காலும் ஒற்றை ஜன்னலுமாக நிற்கும் குடிலும் ரஷ்யக் கதைகளில் உண்டு. போலந்துக் குழந்தைகளுக்குப் பழக்கமானதும் ஒற்றைக்கால் குடில்தான். ஆட்டுக்கொம்பின் மேல் நிற்பதாகச் சொல்லும் கதைசொல்லிகளும் இருந்திருக்கிறார்கள்.

இன்னொரு விசித்திரம். பாபா யாகா கதைகளில் மிகவும் புகழ்பெற்றது அழகி வசிலீசாவின் கதை. அஃபனாசியெவ் பதிவு செய்த அந்தக் கதையில் கோழிக்கால் பேச்சே கிடையாது. காட்டில் ஒரு வெட்டவெளி, அதில் ஒரு குடில், அவ்வளவே. பயமுறுத்துகிற வேலை முழுவதையும் வேலி செய்கிறது. வேலி மனித எலும்பால் ஆனது. அதன் மேல் கண்களோடு கூடிய மண்டையோடுகள். வாசல் தூண்களுக்குப் பதில் மனிதக் கால்கள், தாழ்ப்பாளுக்குப் பதில் கைகள், பூட்டுக்குப் பதில் கூரான பல் நிறைந்த ஒரு வாய். மரியா மரேவ்னா கதையில் வேலிக்குப் பதில் பன்னிரண்டு கம்பங்கள். பதினொன்றில் மனிதத் தலைகள், ஒன்று மட்டும் காலி. அந்தக் காலிக் கம்பத்தை முன்னால் வைத்து வரைந்துவிட்டால், வீட்டை வரையவே தேவையில்லை என்றுகூடத் தோன்றுகிறது.

சரி, கால் இல்லாத கதையும் உண்டு, வேலி இல்லாத கதையும் உண்டு. பல கதைகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரு வாய்பாடு. நாயகன் காட்டில் குடிலைக் கண்டதும் சொல்வான்: "குடிலே, குடிலே, காட்டுக்கு முதுகைக் காட்டு, எனக்கு முகத்தைக் காட்டு." குடில் திரும்பும். அவன் உள்ளே போவான். அதாவது, அவன் வந்து சேரும்போது குடில் அவனுக்கு முதுகைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. வாசல் காட்டின் பக்கம். ரஷ்யக் கவிஞர் புஷ்கின் 1828இல் தன் 'ருஸ்லானும் லுத்மீலாவும்' காவியத்துக்குப் புதிதாகச் சேர்த்த முன்னுரைப் பாடலில் அந்தக் குடில் ஜன்னலும் இல்லாமல் கதவும் இல்லாமல் நிற்கிறது. ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் வரிகள் அவை. இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது வெறும் மரச்சுவர்.

நாயகன் ஏன் நாலடி நடந்து அந்தப் பக்கம் போய்ப் பார்க்கக் கூடாது? 1946இல் வெளிவந்த தன் ஆய்வில் நாட்டுப்புறக் கதை ஆய்வாளர் விளாதிமிர் புரோப் கேட்ட கேள்வி இது. அவருடைய பதில், அந்தக் குடில் ஓர் எல்லையில் நிற்கிறது என்பது. இந்தப் பக்கம் உயிருள்ளவர்களின் உலகம், அந்தப் பக்கம் செத்தவர்களின் உலகம். எல்லையைச் சுற்றிக்கொண்டு போக முடியாது, குடிலின் ஊடாகத்தான் போக வேண்டும். அவள் அங்கே காவல் இருக்கிறாள். உள்ளே அவள் படுத்திருக்கும் விதத்தையும் புரோப் கவனிக்கிறார். ஒரு மூலையில் கால், இன்னொரு மூலையில் தலை, மூக்கு கூரையில் முட்டிக்கொண்டிருக்கிறது. வீடு சின்னது, அவள் அதை அடைத்துக்கொண்டு கிடக்கிறாள். சவப்பெட்டியில் பிணம் கிடப்பது இப்படித்தான் என்கிறார். உள்ளே வருபவனை அவள் மோப்பத்தால் அறிவதும் இதோடு சேர்ந்தது. உயிருள்ளவனின் வாடை செத்தவர்களுக்குப் பிடிக்காது.

புரோப் சொன்னதை எல்லாரும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சடங்கு, மரணம், எல்லை என்று எந்தக் கதையையும் ஒரே சட்டத்துக்குள் தள்ளிவிடும் பழக்கம் அந்தத் தலைமுறை ஆய்வாளர்களிடம் உண்டு. ஆனால் ஓவியருக்கு அவர் கையில் கொடுப்பது கோட்பாடு இல்லை, ஒரு திசை. வீட்டின் கதவு தெரிகிற மாதிரி படம் போட்டால், வாய்பாடு ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது என்று பொருள். வாசகர் நாயகனுக்கு முன்பே உள்ளே அழைக்கப்பட்டுவிட்டார். வழியை மறித்துக்கொண்டு நிற்கும் ஒன்றாக அந்த வீட்டைக் காட்ட வேண்டுமானால், முதுகைத்தான் வரைய வேண்டும். இணையத்தில் நிறைந்து கிடக்கும் படங்களில் பெரும்பாலானவை கதவை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்து, அதை ஒரு முகம் போல ஆக்கிவிடுகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பயம்தான் போய்விடுகிறது.

முதுகை வரைவதென்றால் சுவரை வரையத் தெரிய வேண்டும். அங்கேதான் ரஷ்யத் தச்சுவேலை உள்ளே வருகிறது. இந்தக் குடில் எங்கோ கற்பனையில் பிறந்த மாளிகை இல்லை. ரஷ்ய விவசாயி குடியிருந்த அதே மரவீடு, இஸ்பா. பைன், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்களை முழுத் தடியாகவே படுக்கைவசத்தில் அடுக்கி, நான்கு தடிக்கு ஒரு சுற்று என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். மூலையில் ஒரு தடியில் அரைவட்டப் பள்ளம் வெட்டி அடுத்ததை அதில் உட்கார வைப்பதால், தடிகளின் நுனிகள் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தடிகளுக்கு நடுவே பாசி அடைக்கப்படும். இழைத்த பலகையில் செங்குத்தாகக் கோடு போட்டு வரையப்படும் சூனியக்காரி வீடு ரஷ்ய வீடு ஆகாது. கோடுகள் எல்லாம் கிடையாகப் போக வேண்டும், மூலையில் வட்ட வட்டமாகத் தடியின் வெட்டுமுகம் தெரிய வேண்டும். அந்த ஒரு மாற்றம் போதும், படம் பாதி ரஷ்யாவுக்குப் போய்விடும்.

புகைபோக்கி அடுத்த சிக்கல். பழைய ஏழை வீடுகளில் புகைபோக்கி கிடையாது. அடுப்பு வாயிலிருந்து புகை நேராக அறைக்குள் வரும், மேலே தேங்கும், கதவு வழியாகவும் சுவரில் உள்ள சின்னத் துளைகள் வழியாகவும் வெளியேறும். அந்தத் துளைதான் அந்த வீட்டின் ஜன்னலும். மேல் தடியில் பாதி, கீழ்த் தடியில் பாதி வெட்டியெடுத்த ஒரு கிடைப்பிளவு, உள்பக்கம் இழுத்து மூடும் ஒரு பலகை. கண்ணாடி விலை அதிகம், அதனால் பெரிய ஜன்னல் இருந்த வீடுகளில்கூட மாட்டின் சிறுநீர்ப்பையையோ மைக்காத் தகட்டையோ மாட்டியிருந்தார்கள். ஆகவே நான்கு சட்டம் போட்ட கண்ணாடி ஜன்னலும், அதில் தெரியும் மெழுகுவத்தியும் வேறு ஊர்க் கதை. இந்த வீட்டின் மேல் சுவரும் உத்தரமும் கரி பிடித்துக் கறுத்திருக்க வேண்டும்.

கூரைதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. வடக்கு ரஷ்யாவில் ஆணியே அடிக்காமல் கூரை போடும் முறை ஒன்று இருந்தது. இளம் ஸ்ப்ரூஸ் மரத்தை வேரோடு தோண்டியெடுப்பார்கள். தண்டு நேராக இருக்கும், வேர் பக்கவாட்டில் வளைந்து கொக்கி மாதிரி நிற்கும். அந்தக் கொக்கிகளைக் கூரைச் சட்டங்களில் மாட்டி, அவற்றின் வளைவில் ஒரு நீளமான மரத் தாம்பாளத்தை, அதாவது மழைநீர் ஓடும் வாய்க்காலை, வைப்பார்கள். கூரைப் பலகைகளின் கீழ்நுனி அந்த வாய்க்காலில் ஊன்றி நிற்கும். மேல்நுனியை உச்சியில் படுக்க வைத்த கனமான ஒரு மரம் அழுத்திப் பிடிக்கும். அந்த உச்சிமரத்தின் முன்பக்க நுனியைக் குதிரைத் தலையாகச் செதுக்குவார்கள், சில இடங்களில் பறவையாக. கீழே இருக்கும் வேர்க்கொக்கிகளுக்கும் பறவைத் தலை செதுக்குவது வழக்கம். ரஷ்ய விவசாயிகள் அந்தக் கொக்கியையே கோழி என்றுதான் அழைத்தார்கள். ஆக, காலே இல்லாத சாதாரண வீட்டின் கூரையிலும் பறவை உட்கார்ந்திருக்கிறது. பாபா யாகாவின் வீட்டை வரைபவர் அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவது வீண்.

இப்போது கால்களுக்கு வரலாம். அவை எங்கிருந்து வந்தன என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு, எதுவும் முடிந்த முடிவில்லை. கண்ணால் பார்க்கக்கூடிய விளக்கம் ஒன்று இருக்கிறது. ஸ்காண்டினேவியாவின் வடக்கில் வாழும் சாமி மக்களும், சைபீரியாவின் கான்டி, மான்சி, எவென்கி மக்களும் உணவையும் தோலையும் சேர்த்துவைக்கத் தூக்கிக் கட்டிய சிறு களஞ்சியங்கள் வைத்திருந்தார்கள். காட்டில் நிற்கும் மரத்தை ஆள் உயரத்துக்கு மேல் வெட்டிவிட்டு, மீதமுள்ள அடித்தண்டின் மேல் ஒரு சின்னப் பெட்டி வீடு. கரடியும் எலியும் ஏறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வேர் மண்ணிலிருந்து புடைத்து நாலா பக்கமும் விரிந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் விரல் விரித்து ஊன்றிய பறவைக்கால் என்றுதான் தோன்றும். மான்சி மக்களின் புனித இடங்களில் இதே மாதிரியான சிறு வீடுகளுக்குள் துணி சுற்றிய மரப்பொம்மைகள் வைக்கப்பட்டிருந்தன. காட்டுக்குள் போன ரஷ்யர் ஒருவர் ஜன்னலில்லாத அந்தச் சின்ன வீட்டையும், உள்ளே படுத்திருக்கும் பொம்மையையும் பார்த்திருந்தால் ஊருக்குத் திரும்பி என்ன சொல்லியிருப்பார்?

இன்னொரு விளக்கம் சாவோடு சம்பந்தப்பட்டது. பழைய ஸ்லாவியக் குலங்கள் சில பிணத்தை எரித்து, எலும்பைச் சிறு கலத்தில் சேகரித்து, வழியோரத் தூண்களின் மேல் வைத்ததாகப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் உருவான ரஷ்ய ஆதி வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. தூணின் மேல் செத்தவர்களுக்கு ஒரு வீடு என்ற எண்ணத்தை ஆய்வாளர்கள் அங்கிருந்து பிடித்துக்கொண்டார்கள். ஓவியர் நிகலாய் ரியோரிக் 1905இல் 'மரண வீடு' என்று ஒரு படமே வரைந்தார். பின்னாளில் இமயமலை அடிவாரத்தில் குல்லு பள்ளத்தாக்கில் குடியேறி, 1947இல் அங்கேயே காலமான அதே ரியோரிக்தான்.

இந்த வீட்டுக்கு உருவம் கொடுத்தவர்களின் வரிசை நாம் நினைக்கிற அளவுக்குப் பழையதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் சந்தையில் விற்ற மலிவான மரச்செதுக்கு அச்சுப் படங்களில் பாபா யாகா பன்றி மேல் ஏறி முதலையோடு சண்டைக்குப் போகிறாள், வழுக்கைத் தலைக் கிழவனோடு நடனம் ஆடுகிறாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ரஷ்யக் கலைஞர்கள் விவசாயிகளின் மரவேலை, பூத்தையல் பக்கம் திரும்பிய பிறகுதான் அவள் வீட்டுக்கு மவுசு வந்தது. கட்டடக் கலைஞர் விக்தர் கார்த்மன் அந்த வீட்டின் வடிவில் ஒரு கடிகாரத்தை வடிவமைத்தார். அவர் 1873இல் முப்பத்தொன்பது வயதில் இறந்துபோக, மறு ஆண்டு பீட்டர்ஸ்பர்க்கில் அவர் படைப்புகளின் கண்காட்சி நடந்தது. அதைப் பார்த்த அவர் நண்பர், இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி அந்த ஆண்டே இயற்றிய பியானோ தொகுப்பில் 'கோழிக்கால் குடில்' ஒரு பகுதி. கார்த்மனின் கடிகாரம் அலங்காரம் நிறைந்த சாதுவான பொருள். முசோர்க்ஸ்கியோ கடிகாரத்தை விட்டுவிட்டு, கிழவி உரலில் ஏறிப் பாய்கிற பாய்ச்சலை எழுதினார். வீட்டின் பெயரை வைத்துக்கொண்டு வீட்டுக்காரியை எழுதியதுதான் சரியான முடிவு என்பேன்.

ஓவியர் விக்தர் வஸ்னெத்சோவ் வரைவதோடு நிற்கவில்லை. மாஸ்கோவுக்கு வடக்கே அபிராம்த்செவோ பண்ணையில், ரயில்வே முதலாளி ஸாவ்வா மாமந்தவின் குழந்தைகள் விளையாடுவதற்காக 1883இல் அந்தக் குடிலை மரத்திலேயே கட்டவைத்தார். இன்றும் அது அங்கே இருக்கிறது, பண்ணை அருங்காட்சியகம் ஆகிவிட்டது. கோழிக்கால் என்று தேடிக்கொண்டு போகிறவர்களுக்கு அங்கே கிடைப்பது குட்டையான தடித்த மரக்கட்டைகள்தான். ஆனால் அந்தக் கட்டைகளும் தடிகளும் உண்மையான தச்சுவேலை. அங்கே நிற்பவர்களுக்கு, இப்படி ஒரு வீடு நிஜமாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

அப்புறம் ஓவியர் இவான் பிலீபின். இன்று உலகம் முழுக்க பாபா யாகா என்றதும் நினைவுக்கு வரும் முகம் அவர் 1900இல் வரைந்தது. 1899 கோடையில் தவேர் மாகாணத்து கிராமம் ஒன்றில் இருந்தபடி அவர் இந்தக் கதைப் படங்களைத் தொடங்கினார். அச்சிட முன்வந்தது ரூபிள் நோட்டு அச்சடிக்கும் அரசு அச்சகம். வண்ண அச்சில் அதற்கு இணையான இடம் நாட்டில் இல்லை. பிலீபின் முதலில் பென்சிலில் வரைவார், அதைத் தடித்த தாளுக்கு மாற்றுவார், நுனி வெட்டிய தூரிகையால் மையில் கோடு இழுப்பார், பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே சீரான நீர்வண்ணம் நிரப்புவார். நிழலைக் குழைத்துத் தேய்க்கும் வேலையே இல்லை. ஜப்பானிய மர அச்சுப் படங்களின் செல்வாக்கு இதில் தெளிவாகத் தெரியும். கோட்டின் உறுதியைப் பார்த்து நண்பர்கள் அவரை இரும்புக்கை இவான் என்று கேலி செய்வார்களாம். 1902 முதல் 1904 வரை ரஷ்ய அருங்காட்சியகத்துக்காக வோலக்தா, அர்கான்கெல்ஸ்க், ஓலனெத்ஸ் மாகாணங்களில் சுற்றி மரக்கோயில்களையும் வீடுகளையும் துணிகளையும் படம்பிடித்துச் சேகரித்தார். 1942 பிப்ரவரியில், முற்றுகையிடப்பட்ட லெனின்கிராதில் பட்டினியால் இறந்தார்.

அவருடைய மிகப் பிரபலமான அந்த 1900 படத்தில் வீடே இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மரங்களுக்கு நடுவே தாழப் பறக்கும் உரல், அதில் கிழவி, கீழே சிவப்புக் காளான்கள், அவ்வளவுதான். அதே புத்தகத்தின் இன்னொரு படத்தில் வசிலீசா மண்டையோட்டைக் குச்சியில் மாட்டிப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறாள். அதன் கண்களிலிருந்து ஒளி பாய்கிறது, வீடு அவளுக்குப் பின்னால்.

அந்த ஒளியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான படங்கள் சறுக்குவது இங்கேதான். வசிலீசாவின் கதையில் அவள் வேலிக்கு வெளியே வந்து நிற்கும்போது கறுப்புக் குதிரைக்காரன் ஒருவன் வாசலுக்குப் பாய்ந்து வந்து மண்ணுக்குள் போனவன் போல மறைகிறான். இரவாகிறது. உடனே வேலியிலுள்ள மண்டையோடுகள் அத்தனைக்கும் கண் பற்றிக்கொள்ள, வெட்டவெளி முழுவதும் நடுப்பகல் போல ஆகிவிடுகிறது. ஆக, வெளிச்சம் வேலியிலிருந்து வருகிறது. வீட்டுக்கு உள்ளிருந்து அல்ல. வெளிச்சம் வெளியே, இருட்டு உள்ளே. சுவரில் கீழிருந்து, பல பக்கங்களிலிருந்து ஒளி படும். ஒவ்வொரு தடியின் மேல்வளைவும் நிழலில் இருக்கும், கீழ்வளைவு துலங்கும். நாம் பகலில் பார்த்துப் பழகியதற்கு நேர் எதிர். ஜன்னல் மட்டும் ஒளிராமல் கறுப்பாகவே இருக்கும். அந்த ஒரு கறுப்புப் பிளவு, மஞ்சள் ஒளி வழியும் பத்து ஜன்னல்களைவிடப் பயங்கரம். வசிலீசா அந்த வீட்டுக்கு வந்த காரணமே தன் வீட்டில் அணைந்துபோன விளக்குக்கு நெருப்பு கேட்டுத்தான் என்பதை நினைவில் வைத்தால், ஒளியை எங்கே வைப்பது என்பது அலங்காரப் பிரச்சினை இல்லை, கதையே அதுதான் என்று புரியும்.

கால்களை வரைந்தே தீருவேன் என்பவர்களுக்கு, கோழியின் உடலமைப்பு கைகொடுக்கும். கோழிக்காலில் பின்பக்கம் மடங்குவதாகத் தெரியும் இடம் முழங்கால் இல்லை, கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. ஆகவே வீட்டுக்குக் கீழே தெரிய வேண்டியது கணுவும் அதற்குக் கீழே செதில் மூடிய பகுதியும் விரல்களும்தான். தொடை தரைப்பலகைக்குள் புதைந்துவிட வேண்டும். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. மனிதத் தொடையும் முழங்காலும் வைத்து அதற்குக் கோழிப் பாதம் ஒட்டிய படங்கள் நிறைய இருக்கின்றன. அவை வேஷம் கட்டிய ஆள் மாதிரி இருப்பது அதனால்தான்.

எடையும் யோசிக்க வேண்டிய விஷயம். நான்கு மீட்டர் நீளமும் கால் மீட்டர் விட்டமும் உள்ள காய்ந்த பைன் தடி ஏறத்தாழ நூறு கிலோ வரும். பன்னிரண்டு சுற்று சுவர் என்றால் நாற்பத்தெட்டு தடி, கிட்டத்தட்ட ஐந்து டன். அடுப்பும் கூரையும் தனி. இந்தப் பாரத்தைத் தாங்கும் பாதம் மண்ணில் அழுந்த வேண்டும், விரல்கள் விரிய வேண்டும், ஒற்றைக்கால் என்றால் அது சரியாக வீட்டின் நடுவில் ஊன்ற வேண்டும். வீடு திரும்பும்போது தரை என்ன ஆகும் என்று கதை சொல்லவில்லை. வட்டமாக உழுதது போன்ற தடம் விழுந்து, அதில் புல் முளைக்காமல் கிடக்கும் என்று ஓவியர் ஊகித்துக்கொள்ளலாம். அந்தத் தடத்தை மட்டும் வரைந்தாலே, நிற்கிற வீடு சுற்றுகிற வீடுதான் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். ஏணி எங்கே என்ற கேள்வியும் உண்டு. கதைகளில் ஏணி வருவதில்லை, நாயகன் சும்மா உள்ளே போகிறான். அடைகாக்கும் கோழி போல வீடு காலை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது அடுப்புதான். ரஷ்ய அடுப்பு என்பது அறையின் கால்பங்கு இடத்தை அடைக்கும் செங்கல் அல்லது களிமண் கட்டுமானம். மேலே படுத்துத் தூங்கலாம். குளியலறை இல்லாத ஊர்களில் அணைந்த அடுப்புக்குள்ளேயே புகுந்து வெந்நீராவியில் குளித்திருக்கிறார்கள். குழந்தையை ரொட்டி சுடும் நீண்ட மரத் துடுப்பில் உட்கார வைத்து அடுப்புக்குள் தள்ளப் பார்க்கும் கதைகள் அந்த ஊர்க் குழந்தைகளுக்கு எவ்வளவு நிஜமாக இருந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைக்கிறது. அடுப்புக்கு எதிர்மூலையில் சாமி படம் வைப்பது ரஷ்ய வீட்டு வழக்கம். யாகா வீட்டில் அந்த மூலையைக் காலியாக வரையலாம். இன்னொரு கதையில் அவள் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கிறாள். வசிலீசாவுக்கு அவள் கொடுப்பதும் வீடு பெருக்கு, துணி துவை, தானியம் பொறுக்கு என்கிற வீட்டுவேலைதான். மாயப் புத்தகம், கொதிக்கும் பச்சை மருந்து, தொங்கும் வௌவால் எல்லாம் இங்கே இல்லை. தறி, உரல், துடைப்பம், அடுப்பு: எந்த விவசாயி வீட்டிலும் இருந்த பொருள்கள்.

படக்கதைப் புத்தகம் போடுபவர்களுக்குக் கைவசம் இருப்பது பக்கம் திருப்புகிற வசதி. வலப்பக்கத்தில் முதுகு காட்டி நிற்கும் குடில், கதவில்லாத தடிச்சுவர், கீழே சின்னதாக நாயகன், அவன் சொல்லும் வாய்பாடு. தாளைத் திருப்பினால் கதவு. சோவியத் திரைப்பட இயக்குநர் அலெக்சாந்தர் ரோவ் தன் படங்களில் குடிலை நிஜமாகவே திரும்ப வைத்தார். தாளில் அந்த வேலையை வாசிப்பவரின் கையே செய்துவிடும்.

ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கான புத்தகம் என்றால் பதிப்பாளர் மண்டையோட்டு வேலியை எடுக்கச் சொல்வார். அதன் இடத்தில் மிட்டாயும் கேக்கும் ஒட்டிய வீடு வந்து உட்கார்ந்துகொள்வதைப் பார்க்கிறோம். அது கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட ஜெர்மன் கதையின் வீடு, இவளுடையது இல்லை. இரவல் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. ரஷ்யக் கதைசொல்லிகளிடமே சிரிப்பு மூட்டும் ஒரு வடிவம் இருக்கிறது: கோழிக்காலில் நிற்கும் குடில், விழாமல் இருக்க அதற்கு ஒரு கொழுக்கட்டை முட்டுக் கொடுத்திருக்கிறது, கூரையில் தோசை வேய்ந்திருக்கிறது. அங்கே அது அடைத்துச் சுட்ட பிரோக், மெல்லிய பிளினி. வரைவதற்கு இவ்வளவு தோதான வரியை எடுத்து யாரும் பெரிதாக வரைந்து நான் பார்த்ததில்லை.